அறை விழும் காட்சி

புது ஸ்பீக்கர் வாங்கினால் தாமோதரன் முதலில் போட்டுக் கேட்பது, ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் அண்ணன் தங்கையை அறையும் காட்சியைத்தான். அறை சுளீரென்று விழுந்தால்தான் ஸ்பீக்கர் தேறியது என்பான். கரகரத்துப் போயிருந்த அந்த ஒலியை ஒரு மாதம் உட்கார்ந்து கணினியில் சுத்தம் செய்தான். இரைச்சல் விலகியதும், அறைக்குச் சற்று முன்னால் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. "பத்தல. இன்னும் ஓங்கி அடி."

அப்படியென்றால் அடி நிஜமாகவே விழுந்திருக்கிறது. தங்கையாக நடித்த அம்சவேணியை விசாரித்துக் கண்டுபிடித்தான். எண்பது வயதில் மகள் வீட்டில் இருந்தார். அந்தக் காட்சியைப் போட்டு ஹெட்போனை நீட்டினான். அந்த அம்மாள் கண்களை மூடிக் கேட்டார். அறை விழுந்தபோது உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது.

"இது ஏழாவது அடி. இதைத்தான் படத்துல வச்சாங்க. முன்னாடி எடுத்ததெல்லாம் கிடைக்குமா தம்பி?"

"அதெல்லாம் அப்பவே அழிச்சிருப்பாங்கம்மா. எதுக்கு?"

"மூணாவது அடிக்கு நான் திருப்பி அடிச்சேன்," என்றார் அம்சவேணி. "அதை ஒரு தடவை கேக்கணும்."