பதினெட்டு அடியில் ஒரு பூமி

டங்!

இருட்டியதும் அந்தச் சத்தம் வந்துவிடும். கீழ்வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைக் கரண்டியால் அடிப்பார்கள். அரை மணி கழித்து இரண்டு அடி. பிறகு மூன்று. கடைசியில் நாலு.

கோபம் ஏறிக்கொண்டே போகிறது என்று எனக்குப் புரிந்தது.

நான் என்ன செய்ய? ஐந்து மாதக் கைக்குழந்தை. ஏழு மணிக்கு அழ ஆரம்பித்தால் ஒன்பது வரை தோளில் போட்டு ஹாலில் நடந்தால்தான் அடங்குவான். நின்றால் தெருவே கூடிவிடும். இவருக்கோ இரவு ஷிஃப்ட்.

"கீழ இருந்து ஒரு புகார் வந்தாலும் காலி பண்ணிடணும்," என்று வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். இந்த வாடகைக்கு எங்களுக்கு வேறு வீடு கிடைக்காது.

பயத்தில் ஒரு காரியம் செய்தேன். நானே முந்திக்கொண்டேன்.

"கீழ்வீட்டு டெய்லர் குழாயைத் தட்டித் தட்டிப் பயமுறுத்தறாரும்மா. பிள்ளை அருமை தெரிஞ்சவங்க இப்படிச் செய்வாங்களா?"

வீட்டுக்காரம்மா கீழே போய் ஒரு பிடி பிடித்தார். நானும் ஹால் முழுக்கக் கனத்த கம்பளிகளை விரித்தேன். சத்தம் நின்றது.

மூன்று நாள் கழித்து, இரவு எட்டு மணிக்கு, வாசலில் டெய்லர். கையில் துணி சுற்றிய ஏதோ உருண்டை. பிள்ளையைத் தோளோடு இறுக்கிக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கம்மா. என் வீட்டுக்காரி இனிமே தட்ட மாட்டா. ஆனா அந்தக் கம்பளியை மட்டும் எடுத்துடறீங்களா?"

"கம்பளியையா?"

"உங்க காலடி கேக்கல. மூணு நாளா நடுக்கடல்ல நிக்கறா."

துணியை அவிழ்த்தார். குளோப்! அதன் நட்ட நடுவே, நிலநடுக்கோட்டின் மேல், துளியூண்டு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது.

"சர்வே ஆபீஸ்ல இருந்தவம்மா. காடு மேடெல்லாம் நடந்து அளந்தவ. கால் விழுந்து ரெண்டு வருஷமாப் படுக்கைதான். உங்க ஹாலும் எங்க ஹாலும் ஒரே அளவு, பதினெட்டு அடி. நீங்க நூத்தி எண்பத்திரண்டு தடவை கடந்தா ஒரு கிலோமீட்டர். படுத்துக்கிட்டே எண்ணுவா. உங்க கூடவே பூமியைச் சுத்தி வராளாம்."

"அப்போ அந்தத் தட்டல்?"

"எத்தனை கிலோமீட்டரோ அத்தனை தட்டு. அது கைதட்டல்மா. 'பிள்ளையைச் சுமந்துக்கிட்டே நாலு முடிச்சுட்டா பாரேன்'னு ஒரே பெருமை."

பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இதுவரைக்கும் எவ்வளவு சார்?"

"நாலு மாசத்துல நானூத்தி எண்பது."

"மொத்தம்?"

"நாற்பதாயிரத்து எழுபத்தஞ்சு."

நான் படித்த கான்வென்டில் குளோப் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். சிஸ்டர் தொட விட்டதில்லை. இப்போது தொட்டேன். அந்த நூல் என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. நான் அழுதுகொண்டே நடந்த அத்தனை ராத்திரியும் அந்த நகத்துக்குள் அடங்கிவிட்டது. மீதிப் பூமி, விரலை நகர்த்த நகர்த்த, போய்க்கொண்டே இருந்தது. அம்மாடி!

"இப்படியே போனா இன்னும் இருபத்தேழு வருஷம்," என்று டெய்லர் சிரித்தார். "அதுக்குள்ள பேரனைத் தூக்கிட்டு நடப்பீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சார், வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்மா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. குழாய் உடைஞ்சிடும்னு வீட்டுக்காரம்மா திட்டினாங்கன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

அவர் இறங்கிப் போனதும் கம்பளிகளைச் சுருட்டினேன். நல்ல கனமான செருப்பாகப் பார்த்து மாட்டிக்கொண்டேன். அன்று நானும் எண்ணினேன்.

ஒன்பது மணிக்குக் குழந்தை தூங்கிவிட்டான். படுக்க வைத்தேன். இரண்டாவது கிலோமீட்டர் முடிய இன்னும் அறுபது நடை பாக்கி. கீழே ஒருத்தி எண்ணிக்கொண்டு காத்திருக்கும்போது நான் எப்படித் தூங்குவது?

வெறுங்கையோடு, செருப்புக் காலோடு நான் ஹாலில் நடப்பதை வீட்டுக்காரம்மா பார்த்தால் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிடுவார். ஏதாவது என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே என்று அதுவரை நான் தாழ் போட்டதே இல்லை.

போய், கதவை உள்ளே தாழிட்டேன்.