கறுப்புத்துணி முடிச்சு

"என்னங்க, இங்கன வாங்க! சீக்கிரம் வாங்க!"

சாலோமி டீச்சர் போட்ட சத்தத்தில், பல் தேய்த்துக்கொண்டிருந்த இஸ்ரவேல் வாய் நுரையோடு தெருவுக்கு ஓடிவந்தார்.

காருக்கு அடியில் ஆயில் ஒழுகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தவள், குனிந்தபடியே விறைத்துப் போயிருந்தாள். முன்பக்க பம்பருக்குப் பின்னால் கறுப்புத்துணியில் ஒரு முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ கீழேயிருந்து கையை விட்டுச் சணலால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

"இத யாரு கட்டுனது?"

"கேக்கணுமாக்கும்? போன வாரம் எதுத்த வீட்டுக் கொம்பையா விடியக்காலம் இங்கன குத்தவச்சு உக்காந்திருந்தான். என்னையக் கண்டதும் எந்திச்சுப் போயிட்டான்."

இஸ்ரவேலுக்கு நுரை தொண்டைக்குள் இறங்கியது.

கொம்பையா உடன்குடிக் கருப்பட்டியை வேனில் கொண்டுவந்து கடைகளுக்குப் போடுகிறவன். வேன் நிற்கிற இடத்தில் இவர்கள் காரை நிறுத்தப்போய், வாய்த்தகராறு முற்றி, இஸ்ரவேல் போலீஸ் ஸ்டேஷன்வரை போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

"செய்வினைதாங்க. கார் படுத்துன பாடு போதாதா? தானா ஹாரன் அடிச்சிச்சு, லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சிச்சு."

"அதான் பேட்டை மெக்கானிக்குட்ட காட்டி பேட்டரி மாத்தியாச்சுல்லா. இப்ப ஒழுங்காத்தான ஓடுது?"

"கார விட்டுட்டு நம்ம பிள்ள மேல எறங்கிருச்சுன்னா?"

மகள் டார்லினுக்கு இது நிறைமாதம். தலைப்பிரசவம். மருமகன் ஜெனோ தோஹாவில். வலி கண்டால் இந்தக் காரைத்தான் நம்பியிருந்தார்கள்.

"நாம விசுவாசிக. இதெல்லாம் நம்மள அண்டாது" என்றார் இஸ்ரவேல். சர்ச் கமிட்டியில் இருக்கிறவர் வேறு என்ன சொல்வார்?

"அப்ப நீங்களே கைய விட்டு அவுத்துப் போடுங்க."

விசுவாசி உள்ளே போய் இடுக்கி எடுத்துவந்தார்.

சணலை அறுத்தபோது காரமாக ஒரு வாடை மூக்கில் ஏறியது. பிரித்துப் பார்ப்போமா என்று அவர் இழுத்தார்.

"ஐயோ, வேண்டாங்க! ஓடுத தண்ணியில போட்டாத்தான் அதோட வெசம் முறியுமாம்."

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. வண்ணார்பேட்டைப் பாலத்தில் பைக்கை நிறுத்தி, சர்ச் ஆட்கள் யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு, முடிச்சைத் தாமிரபரணியில் போட்டார். வீட்டுக்கு வந்ததும் நேரே குளிக்கப் போனார்.

அப்படியும் சாலோமிக்குப் பயம் தெளியவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்து ஜெபம் பண்ணினாள். எதிர்வீட்டு வாசலில் நிழலாடினாலே டார்லினை உள்ளே விரட்டினாள். மகள் தும்மினால்கூட ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் டார்லினுக்கு வலி கண்டது.

"அம்மா, முடியலம்மா!"

இஸ்ரவேல் சாவியைத் திருகினார். கார் மூச்சுக் காட்டவில்லை. மறுபடியும் மறுபடியும் திருகினார். ஒரு லைட்டுகூட எரியவில்லை.

"போச்சு! பலிச்சிருச்சு! எம்பிள்ளைய எடுக்கப் பாக்கான்!" சாலோமி தலையில் அடித்துக்கொண்டாள். ஆம்புலன்சுக்குப் போட எடுத்த போன் கைதவறிச் சாக்கடை ஓரமாய்ப் போய் விழுந்தது.

வேன் ஒன்று உறுமிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது.

"ஏறுங்க டீச்சர்! பிள்ளையப் பைய ஏத்துங்க. அண்ணாச்சி, நீங்க முன்னால வாங்க!"

கொம்பையா.

சாலோமி டார்லினைப் பின்னுக்கு இழுத்தாள். இவன் வண்டியிலா? எங்கே கொண்டுபோவானோ, என்ன செய்வானோ? ஆனால் டார்லின் இன்னொரு தடவை அலறினாள். அதற்குமேல் யோசிக்க நேரம் இல்லை. இயேசப்பா, இயேசப்பா என்று சொல்லிக்கொண்டே மகளைத் தூக்கி ஏற்றி, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வேன் பறந்தது. தெருமுனை திரும்பும்போதுதான் சாலோமி அதைப் பார்த்தாள்.

கொம்பையாவின் காலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு முடிச்சு ஆடிக்கொண்டிருந்தது. அதே கறுப்புத்துணி. அதே சணல்.

இரண்டு கையாலும் மகளின் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"அது... அது என்னது?"

"எது, இதுவா?" ஹாரனை அழுத்தியபடியே கொம்பையா சொன்னான். "பொகையில டீச்சர். மழைக்கு நனையாம குடைத்துணியில முடிஞ்சு வச்சிருக்கேன். இந்த வாடைக்கு எலி அண்டாது. நம்ம தெருச் சாக்கடை எலி பூரா உங்க காருக்குள்ளதான் குடியிருக்கு. வயரக் கடிச்சுப் போட்டா எந்த வண்டி ஓடும்?"

இஸ்ரவேல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. கொம்பையா வேகத்தைக் குறைத்து, பள்ளம் மேடு பார்த்து வேனை உள்ளே திருப்பினான்.

"பேச்சு வார்த்தை இல்லாத வீடு, நான் வந்து சொன்னா நீங்க என்ன நெனைப்பீகளோன்னு இருந்துச்சு. ஆனா பிள்ளத்தாச்சி இருக்க எடமாச்சே, அவசரத்துக்கு வண்டி நின்னுரக் கூடாதுல்லா? அதான் யாருக்கும் தெரியாம உங்க காருக்கும் ஒண்ணு கட்டிவிட்டேன். நேத்துப் பாக்கேன், காணும். எந்தப் பாவி அவுத்தானோ டீச்சர், அவனுக்கெல்லாம் பிள்ளகுட்டியே இருக்காதா?"