ஏழாம் பதிப்பு

பத்மாசனியின் அலமாரியில் ஒரே புத்தகம்தான் இருந்தது, ஏழு பதிப்புகளாக. பாடகர் கோதண்டராமனின் சுயசரிதை. அவள் அப்பா போட்ட மெட்டைத் தன்னுடையது என்று அவர் அதில் எழுதியிருந்தார். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் வாங்கி, அப்பாவின் பெயரைத் தேடுவாள். கோதண்டராமனின் கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுவாள். அப்பாவின் மெட்டில் அமைந்த பாட்டு வந்ததும் கையை நிறுத்திப் புத்தகத்தைத் திறந்துவிடுவாள்.

இன்று அந்தப் பாட்டின் பல்லவி முடிந்ததும் அவர் நிறுத்தினார். “என்ன மாமி, நாளைக்குப் பரீட்சையா?”

சபை சிரித்தது.

“உங்க புத்தகம்தான். எங்கப்பா பேரைத் தேடிண்டிருக்கேன். நீங்க பாடுங்கோ.”

சிரிப்பு அடங்கியது. தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அடுத்த வரி வரவில்லை. பத்மாசனி விரலை நாக்கில் தொட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.