பேசும் வாட்ச்

“எவ்வளவுடா வந்திருக்கு?”

உடை மாற்றும் அறைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள். ஓடிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. இடது கையை நீட்டினாள்.

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்து ஜி.பி.எஸ். வாட்சைத் திருப்பினான். இப்போதெல்லாம் ரொம்ப அக்கறையாகக் குனிந்துதான் படிக்கிறான். அவன் மூச்சு அவள் கையில் சுட்டது.

“ஒரு மணி இருபத்தெட்டு நிமிஷம்க்கா. போன வாரத்தைவிட ஒரு நிமிஷம் கம்மி. பின்னிட்டே.”

அக்காவுக்குப் பதினெட்டு வயதில் கண்நோயால் பார்வை போனது. அப்பாவுக்கும் அதே நோய்தான். ‘அப்பா எனக்கு எழுதி வச்ச சொத்து’ என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு வராத நாட்களில் நீந்தப் போவாள். அப்படித்தான் இந்தப் போட்டியில் வந்து மாட்டிக்கொண்டாள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் முடிக்க வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்குத் துணையாக ஒருவர் கூடவே வரலாம். நீந்தும்போதும் ஓடும்போதும் அவளையும் தம்பியையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். இருவர் மிதிக்கும் சைக்கிளில் அவன் முன்னால், அவள் பின்னால்.

அடுத்த மாதம் தேர்வுப் போட்டி. ஒன்றரை மணிக்குள் முடித்தால் தேசிய அணியில் இடம். முடிக்காவிட்டால், முப்பத்தெட்டு வயதுக்காரியை இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. இதற்காகத்தான் தம்பி பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறான். எந்தத் தம்பி செய்வான்? அந்த நினைப்பே அவளுக்குச் சுமையாக இருந்தது.

“மறுபடி ஒரு தடவை படிடா.”

“அதான் சொன்னேனேக்கா. ஒன்னு இருபத்தெட்டு.”

“சரி, இப்ப இதைக் கேளு.”

பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினாள். நேற்று சாயங்காலம் கடைக்காரரிடம் கொடுத்து வாட்சைப் பேச வைத்திருந்தாள். தினமும் படிக்கும் தொல்லை தம்பிக்கு இருக்காது, சந்தோஷப்படுவான் என்றுதான்.

வாட்ச் ரயில் நிலைய அறிவிப்பைப் போல ஒப்பித்தது. “மொத்தம், ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம். நீச்சல், பதினாறு நிமிடம். மாறும் நேரம், ஒன்பது நிமிடம். சைக்கிள், ஐம்பது நிமிடம். மாறும் நேரம், நான்கு நிமிடம். ஓட்டம், இருபத்தெட்டு நிமிடம்.”

தம்பியின் பிடி அவள் மணிக்கட்டிலிருந்து நழுவியது.

“எத்தனை நாளாடா இந்தப் பொய்?”

“அக்கா…”

“நான் நல்லாத்தான் நீந்தறேன். நல்லாத்தான் ஓடறேன். தண்ணிய விட்டு ஏறி ஹெல்மெட் மாட்டிக் கிளம்பவே ஒன்பது நிமிஷம் ஆகுது. மாட்டி விடறது யாரு? முன்னாடி உக்காந்து பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு ஓட்டறது யாரு?”

அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

“ரோடு வேணாம், மைதானத்துக்குள்ளயே சுத்துவோம்னே. விடியக்காலையில வேணாம், வெயில் ஏறட்டும்னே. போன வாரம் படி இருக்குன்னு சொல்லாம விட்டு, விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டேன். கேட்டா, ஏதோ நினைப்பா இருந்துட்டேன்னே. நானும் மக்கு மாதிரி தலையாட்டினேன்.”

ஒன்றரை மணிக்குள் முடித்துவிட்டோம் என்று நம்பி இத்தனை நாள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அவள் உடம்பில் குறை ஒன்றுமில்லை. உலகத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள்தான் அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“அலுத்துப்போச்சுன்னா சொல்லித் தொலைச்சிருக்கலாமே. வேற ஆளைப் பாத்திருப்பேன்.”

“பாத்துக்கக்கா.” என்றான் தம்பி. “இன்னும் ஒரு மாசம் இருக்கு. நல்ல ஆளாப் பாரு. உன்னால முடியும்.”

இல்லை என்று மறுப்பான், சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தாள். இவ்வளவு சுலபமாகக் கைகழுவுவான் என்று நினைக்கவே இல்லை. இனி ஒரு மாதத்துக்குள் புது ஆளுக்கு எங்கே போவது? அந்த ஆளோடு ஒரே கயிற்றில் ஓடப் பழகுவதற்கே ஒரு வருஷம் ஆகும். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

“என்கூட ஓடுன்னு யாரு உன் காலைப் பிடிச்சா? போ. போய் அந்த வேனையே ஓட்டு.”

தம்பி எழுந்துகொண்டான். அது அவளை இன்னும் வெறியேற்றியது.

“இந்தா, இதையும் எடுத்துட்டுப் போ.”

வாட்சைக் கழற்றி வீசினாள். அது சிமென்ட் தரையில் விழுந்து, சறுக்கிக்கொண்டு போய் நின்றது. ஜன்னல் வழியாக நடுப்பகல் வெயில் அறை முழுக்க விழுந்திருந்தது. அவள் பாதத்திலும் அதன் சூடு தெரிந்தது.

தம்பி மண்டியிட்டு உட்கார்ந்தான். பிறகு தரையை உள்ளங்கையால் தடவும் சத்தம் கேட்டது. இடதுபக்கம் தடவி, வலதுபக்கம் தடவி, பெஞ்சின் காலில் இடித்துக்கொண்டு மறுபடி இடதுபக்கம் வந்தது அந்தக் கை. இருபது வருஷமாக வீட்டில் அவளுடைய கையிலிருந்து மட்டுமே கேட்ட சத்தம் அது.

“எந்தப் பக்கம் விழுந்துச்சுக்கா?” என்றான் தம்பி. “உனக்குச் சத்தம் கேட்டிருக்குமே.”