ஸ்பான்சர் பேசுகிறேன்

“கார்டெல்லாம் வேணாம்மா, ஆளை விடுங்க” என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

தினமும் இரண்டு பேராவது இப்படி இங்கிலீஷில் கூப்பிட்டு கிரெடிட் கார்டு வேண்டுமா என்பார்கள். வேடசந்தூரில் இரண்டு நாற்காலி போட்டு சலூன் நடத்துகிறவர் மேல் அவர்களுக்கு அப்படி என்ன ஆசையோ.

கத்தியை மறுபடி எடுத்தார். நாற்காலியில் இருந்த வாத்தியாருக்கு வலது கன்னம் முடிந்திருந்தது. இடது கன்னத்தில் இன்னும் நுரை.

அப்போதுதான் அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தை காதுக்குள் வந்து நின்றது.

நிறைமதி.

கார்டு விற்கிறவளுக்கு மகளின் பெயர் எப்படித் தெரியும்?

கத்தியைக் கீழே வைத்தார்.

பெயர் வாயில் நுழையாத ஏதோ ஓர் ஊரில் மேல்படிப்பு. ஆறு மாதமாக மகள் ஒற்றை ஆளாக அலைந்தாள். மார்க் ஷீட், பாஸ்போர்ட், வருமானச் சான்றிதழ், நோட்டரி முத்திரை எல்லாம் அவள் பாடு. ஸ்பான்சர் என்ற இடத்தில் மட்டும் இவர் பெயர். இவருக்கென்று இருந்தது ஒரே வேலை. தூதரகத்திலிருந்து ஒரு போன் வரும். நீங்கள்தான் படிக்க வைக்கிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். ஒருமுறைதான் கூப்பிடுவார்கள், கோட்டை விட்டால் விண்ணப்பமே திரும்பிவிடும் என்று விசா ஏஜென்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மகள் இருபது நாள் சொல்லிக்கொடுத்தாள்.

ஸ்பான்சர் என்ற இந்தப் பெரிய மனிதர் ஒரே நொடியில் கெடுத்துவிட்டார்.

அந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்தார். இந்த எண்ணை அழைக்க இயலாது என்றது.

மறுபடி.

மறுபடி.



வாத்தியார் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பாதி முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. போன் வந்துச்சாப்பா?

இல்லை என்று அடித்தார். அழித்தார். வந்தது என்று அடித்தார். அதையும் அழித்தார்.

தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அழுகை முட்டியது. வாத்தியார் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

போன் அடித்தது. தெரியாத எண்.

துண்டில் கையைத் துடைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். விறைப்பாக நின்றார்.

எதிர்ப்பக்கம் ஹலோ சொல்லி முடிக்கவில்லை. இவர் தொடங்கிவிட்டார். இங்கிலீஷில், மூச்சு விடாமல். நான் நிறைமதியின் அப்பா. சலூன் என் சொந்தக் கடை. நான்தான் படிக்க வைக்கிறேன். நல்ல பெண். முடித்ததும் திரும்பி வந்துவிடுவாள். மகள் சொல்லித்தராத ஒன்றையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார். சாரி மேடம். சாரி.



“சார், கேஸ் ஏஜென்சியில இருந்து பேசுறேன். சிலிண்டர் ஒழுங்கா வந்துச்சான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

வாத்தியார் கண்களை மூடிக்கொண்டார்.

இவர் போனை வைக்கவில்லை.

“நான் சொன்னது புரிஞ்சுதாம்மா?”

“புரிஞ்சுது சார்.”

“அப்ப நான்தான் படிக்க வைக்கிறேன்னு எழுதிக்கங்கம்மா.”