போர்க்கப்பலில் போய்ப் பெண் பார்த்தவர்

“இந்தியாவுலயே யுத்தக்கப்பல்ல போயி பொண்ணு பாத்தவன் நான் ஒருத்தனாக்கும். இதை வெட்டினா பொறவு மலருல என்ன இருக்கும்? நகைக்கடை விளம்பரந்தான் இருக்கும்.”

சுயம்புராஜ் சொல்லி முடிப்பதற்குள் சிவப்புப் பேனா அந்தப் பத்தியின் குறுக்கே ஓடிவிட்டது. பேனா அவருடைய மனைவியின் தம்பி வைகுண்டராஜனுடையது. முப்பது வருடம் தலைமையாசிரியர்; மாவட்டத்தில் பாதிப் பேருக்குச் சந்திப்பிழை திருத்திவிட்டு, மீதிப் பேரைத் திருத்த முடியாமல் ஓய்வு பெற்றவர். முன்னாள் கடற்படையினர் சங்க மலருக்கு அவர்தான் பிழை திருத்துநர். மலர் நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டும். நாகர்கோவிலில் வினோஜின் டி.டி.பி. கடையில், மூன்று மணி நேரமாக வேலை இந்த ஒரு பக்கத்திலேயே நிற்கிறது.

“அத்தான், பிழை இருந்தா திருத்தலாம். இது முழுக்கப் புளுகுல்லா?”

வைகுண்டராஜன் எழுந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நின்றார். ஒரு பள்ளிக்கூடமே நடுங்கிய நிலை அது.

“எதுடே புளுகு? ரணதீர் கப்பல் புளுகா?”

“கப்பல் உண்டு. வெள்ளைக்காரன் ரெண்டாம் உலக யுத்தத்துல ஓட்டிட்டு நமக்குத் தந்தான். நம்ம ஆளுக எழுபத்தொண்ணு யுத்தத்துலயும் ஓட்டினாவ. எழுபத்தாறுல பம்பாயில உடைச்சு எடைக்குப் போட்டாவ. நாலு வரி போதும்.”

“முப்பத்திமூணு வருசம் கடல்ல கெடந்ததுக்கு நாலு வரியா?” சுயம்புராஜின் குரல் இறங்கியது. “அதுல எரநூறு பேரு இருந்தோம் மாப்ளே. இப்ப நாலு பேரு இருக்கோம். கப்பலுக்க ஒரு ஆணிகூட மிச்சமில்ல. சுடுகதும் வெரட்டுகதும் எல்லா யுத்தக்கப்பலும் செய்யும். ஒரு பொண்ணைப் பாக்க நின்ன கப்பல் இது ஒண்ணுதான். அது மலருல வரணும்.”

“நெசமாவே நின்னுச்சா அண்ணாச்சி?” என்று வினோஜ் கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது.

“எழுபத்திமூணு, தை மாசம். பம்பாயிலேருந்து விசாகப்பட்டினம் போறோம். எனக்கு லீவு இல்ல. ‘பதினோரு மணிக்குப் பொண்ணைச் செவப்புச் சேலையில முட்டம் பாறை மேல நிறுத்துங்கோ’ன்னு பொண்ணு வீட்டுக்கு முன்னாடியே கடிதம் போட்டாச்சு. கேப்டன் எஞ்சினை நிறுத்தி, பைனாகுலரை எனக்க கையில தந்தாரு. சைரன் மூணு தடவை. தேங்காப்பட்டணம் வரைக்கும் ஒரு தெங்குல ஒரு காய் மிச்சமில்ல, எல்லாம் விழுந்தாச்சு.”

வைகுண்டராஜன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“பாறை மேல நின்னா பாரு ஒரு நிப்பு. குனியாம, கோணாம, ரெண்டு கையையும் இடுப்புல குத்திட்டு, ‘நீ யாருலே’ன்னு கேக்குத மாதிரி. அந்த நிப்புல விழுந்தவன்தான் நான். சம்மதம்னு அங்கேருந்தே வெளக்கடிச்சுச் சொல்லியாச்சு. கல்யாணத்துக்குப் பொறவு, இந்தா இருக்காளே தாணம்மா, இவ ஒருநாள்கூட அப்படி நின்னதில்லங்கது வேற கதை.”

“நிறுத்துங்கோ அத்தான். அம்பது வருசமா ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் இதே பாட்டு.” வைகுண்டராஜனுக்குக் காது சிவந்துவிட்டது. “சாட்சி உண்டா? கேப்டன் செத்தாச்சு. கப்பலுக்க லாக் புக்கு எங்க போச்சுன்னு தெரியாது. அக்கா இங்கதானே இருக்கா. அக்கா, நீ முட்டம் பாறையில நின்னியா?”

மடியில் பையோடு உட்கார்ந்திருந்த தாணம்மாள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

“நான் எந்தப் பாறையிலயும் ஏறினதில்ல,” என்று சொல்லிவிட்டு, சேலை நுனியால் வாயை மூடிக்கொண்டாள்.

“வெக்கப்படுகா,” என்றார் சுயம்புராஜ்.

“கேட்டாச்சுல்லா? வினோஜ், நாலு வரி அடி.”

அப்போதுதான் சுயம்புராஜின் கைபேசி முனகியது. கப்பலில் படம் எடுத்துக்கொண்டிருந்த நண்பர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய டிரங்குப் பெட்டியைத் தேடிப்பார்க்கும்படி, தேங்காய்ப்பட்டணத்தில் இருக்கும் அவர் மகள் குளோரியிடம் சுயம்புராஜ் காலையிலேயே சொல்லியிருந்தார். குளோரி ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை அனுப்பியிருந்தாள். முன்னால் பீரங்கிக் குழாய். அப்பால் கடல். அதற்கும் அப்பால் ஒரு பாறை, பாறை மேல் ஒரு புள்ளி. படத்தின் பின்புறத்தையும் எடுத்து அனுப்பியிருந்தாள்: ‘முட்டம், 1973.’

வினோஜ் படத்தைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினார். புள்ளி வளர்ந்தது. சேலை தெரிந்தது. இடுப்பில் ஊன்றிய இரண்டு கைகளும் தெரிந்தன.

“பொண்ணு நின்னிருக்கே சார்,” என்றார் வினோஜ். “முகந்தான் மங்கல். இப்ப அதுக்கும் சாப்ட்வேர் வந்தாச்சு. ரெண்டு நிமிசத்துல மூக்கும் முழியுமா கொண்டுவந்திரலாம். முழுப்பக்கம் போடுவமா?”

“போடு மக்கா. சேலைக்குச் செவப்பு கலரும் குடு,” என்றார் சுயம்புராஜ்.

வைகுண்டராஜன் பாய்ந்து வினோஜின் கையோடு மவுஸைப் பிடித்தார்.

“முகத்தைத் தொடாதடே. கதையை அப்படியே போட்டுக்கோ. கப்பல் வந்தது, மூணு தடவை ஊதினது, எல்லாம் நடந்ததுதான். சாட்சிக் கையெழுத்து நான் போடுகேன்.”

“நீயா?” சுயம்புராஜ் வாயைப் பிளந்தார். “அம்பது வருசமா இல்லவே இல்லன்னு சாதிச்சியே, நீ எங்கடே நின்னு பாத்த?”

தாணம்மாளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். வைகுண்டராஜன் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“பாறை மேலதான் நின்னேன். அக்காவுக்கு அந்த வாரம் அம்மை போட்டிருந்து; சம்மந்தம் கைவிட்டுப் போயிரும்னு பயந்து, அப்பா அந்தச் செவப்புச் சேலையை எனக்குல்லா கட்டிவிட்டாரு.”