கலங்கலில் விட்ட கை

"அம்முலுவ என் வூட்ல வெச்சுக்க முடியாதுக்கா" என்றான் ஏசுதாஸ்.

கூடப்பிறந்தவளிடம் பேசுகிற பேச்சா இது என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். பாக்கியமேரி கேட்கவில்லை. புள்ளலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஆனி மாசத் தூறலில் விந்தி விந்தி நடந்து வந்தவள், முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

அவள் மகள் அம்முலு எட்டாவது தேறிவிட்டாள். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அதோடு சரி. உத்திரமேரூரில் மாமன் வீட்டில் தங்கி ஹைஸ்கூலில் சேர்ந்தால் படிப்பு உண்டு. இல்லாவிட்டால் வருகிற திங்கட்கிழமை ஆண்டை கழனிக்கு நாற்றுப் பிடுங்கப் போக வேண்டியதுதான்.

"இன்னாத்துக்கு தம்பி முடியாது? ரெண்டு வேளை கஞ்சி ஊத்தினா போதும். ஒரு மூலையில படுத்துக்கும்."

"மூலைக்கு இன்னா, எடம் கீது. என் மனசுலதான் எடமில்ல."

ஐம்பத்தேழாம் வருஷம் பட்டணம் போய் வாத்தியார் டிரெயினிங் முடித்துவிட்டு வந்ததிலிருந்து ஏசுதாஸுக்கு எதைத் தொட்டாலும் மனத்தத்துவம்தான். ஒரு பையன் நகம் கடித்தால், தாய்ப்பாலைச் சீக்கிரம் மறந்தவன் என்பான். கோள் சொல்கிறவன் கிடைத்தால் போச்சு. 'தன் தப்பை மனசு தாங்காது, அடுத்தவன் தலையில் கட்டிவிடும்' என்று புத்தகத்தைப் பிரித்துப் பக்கம் காட்டுவான். பையன்களை ஒரு வழி பண்ணிவிட்டு, இப்போது தன்னையே ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தான். 'நான் வளர்ந்த விதம்' என்று அதற்கு ஒரு நோட்டு.

"அஞ்சு வயசுக்குள்ள நடக்கறதுதான் ஆளுக்கு அஸ்திவாரம். நான் யாரையும் நம்பாதவனா வளந்ததுக்கு நீதான் காரணம். அம்முலுக்கு அப்படியே உன் முகம். தெனம் காலையில அதப் பாத்துக்கினு என்னால இருக்க முடியாது."

பாக்கியமேரிக்குப் புரிந்தது. கலங்கல் விஷயம்.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுகிற கல்வரிசைதான் கலங்கல். அதன்மேல் அக்கரை போகிறவர்கள் கைகோத்துத்தான் போவார்கள். பெரியவர் பள்ளத்துப் பக்கம், சின்னது ஏரிப் பக்கம். ஒன்பது வயசு பாக்கியமேரி ஐந்து வயசுத் தம்பியை அப்படித்தான் கூட்டிப் போனாள். நடுவழியில் மீனைக் கண்டு அவன் கையை விட்டாள், குனிந்தாள், தண்ணீர் அவளை அடித்துக்கொண்டு போய்விட்டது. கோரைப் புதரில் சிக்கி, கணுக்கால் உடைந்து பிழைத்தாள். தம்பி நடுக்கலங்கலில் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தன்னந்தனியாகக் கிடந்தான். இதெல்லாம் அவளே நைனாவிடம் சொன்னது. 'தம்பிய நட்டாத்துல வுட்டவளுக்குப் படிப்பு ஒரு கேடா' என்று அவர் அன்றைக்கே அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்.

"மழை பேஞ்சா போதும், அதே கனவு. நேத்துகூட வந்துச்சு. படிக்கிறேன் கேளு."

நோட்டைப் பிரித்தான். வெளியே தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. அவன் குரலும் மெல்ல இறங்கியது.

"'எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தண்ணீர். சத்தமே இல்லை. காலுக்கடியில் கல் இருக்கிறதா என்று தெரியவில்லை, மிதக்கிறேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். எலும்பு வலிக்கிறது. பிறகு வலி இல்லை. அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போகிறது. அவள் கை மட்டும் இன்னும் என் பக்கமே நீண்டு...'"

அதற்குமேல் படிக்க வரவில்லை. எத்தனையோ தடவை எழுதியதுதான். அந்தக் கைக்குச் சொந்தக்காரியை எதிரில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தது இதுதான் முதல் தடவை. அறைக்குள்ளேயே தண்ணீர் ஏறிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது அவனுக்கு. ஈரத்தில் வழுக்குகிற சின்ன விரல்கள். கத்திக்கொண்டு, திமிறிக்கொண்டு, யாரோ. நோட்டு மடியில் கிடந்தது. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யக்கா, எலும்பு வலிக்கிற மாதிரி புடிச்சுக்கினு இருக்கறவ, மீனுக்கு எப்படிக் குனிவா?"

"கனவுல கண்டதும்தான் வரும். அத்தப் போயி பெரிசு பண்ணாத."

"நைனா புளியமிலாறோட நின்னாரு. யாரு கைய வுட்டதுன்னு கேட்டாரு. நான் நடுங்கிக்கினு இருந்தேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ சொல்லிட்டே."

"மூணு மணி பஸ்ஸு போயிடும் தம்பி." அவள் எழுந்து ஈர முந்தானையைப் பிழிந்தாள்.

ஏசுதாஸுக்கு வெட்கமாக இருந்தது. அக்காவின் வளைந்துபோன கணுக்காலைப் பார்த்தான், பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நாளைக்கே நானே வந்து அம்முலுவக் கூட்டிக்கினு வரேன்" என்றான். குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. "உன் காலு, உன் படிப்பு, அல்லாம் போச்சு. இருவத்தஞ்சு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியேக்கா."

பாக்கியமேரி அவன் தலையில் கை வைத்தாள்.

"அஞ்சு வயசுப் புள்ள பயந்துக்கினு கைய உருவிக்கிச்சு. அத்தப் போயி ஒரு குத்தம்னு யாராச்சும் நோட்டுப் போட்டு எழுதி வெச்சுக்குவாங்களா தம்பி?"